அந்தப் பிள்ளைகள் கட்டிய காசு: நம் தமிழ் உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

கனடிய நாடாளுமன்றத்திலும் ஒன்ராறியோ சட்டமன்றத்திலும் எங்கள் வாக்குகளோடு அமர்ந்திருக்கும் தமிழ் உறுப்பினர்களுக்கு,

2025 நவம்பர் 4ஆம் திகதி கூட்டாட்சி அரசின் வரவுசெலவுத் திட்டம் வந்தது. அதோடு வந்த குடிவரவுத் திட்டத்தில், 2026இல் புதிதாக வரக்கூடிய வெளிநாட்டு மாணவர்களின் எண்ணிக்கை 155,000 என்று போட்டிருக்கிறார்கள். முந்தைய திட்டத்தில் அதே ஆண்டுக்கு இருந்த எண் 305,900. ஒரே வெட்டில் பாதி போய்விட்டது. 2027க்கும் 2028க்கும் 150,000தான்.

அந்தச் செய்தியை வாசித்த அதே கிழமையில்தான் எனக்கும் கல்லூரியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. குளிர்காலத் தவணைக்கு எனக்குத் தர வகுப்பு எதுவும் இல்லையாம். பதினாறு ஆண்டுகளாக ரொறன்ரோப் பெரும்பாகத்தில் உள்ள ஓர் அரசுக் கல்லூரியில் கணக்கியல் படிப்பித்து வந்தேன். ஒப்பந்த ஆசிரியர், தவணைக்குத் தவணை வேலை. கல்லூரியின் பெயரை எழுதவில்லை, என்னோடு வேலை செய்தவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.

அமைச்சர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஒட்டாவாவைக் கேட்டால், கல்லூரிகளுக்குக் காசு கொடுப்பது மாகாணத்தின் பொறுப்பு என்கிறார்கள். குயின்ஸ் பார்க்கை, அதாவது ஒன்ராறியோ அரசைக் கேட்டால், மாணவர் அனுமதியை வெட்டியது ஒட்டாவா என்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். ஆனால் நீங்கள் இரண்டு இடத்திலும் ஆளும் கட்சியின் பக்கம் இருக்கிறீர்கள். உங்களில் சிலர் அமைச்சர் பொறுப்பிலும் இருக்கிறீர்கள். தை மாதத்தில் தமிழ் மரபுத் திங்கள் மேடைகளில் கட்சி பார்க்காமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறீர்கள். இந்த விடயத்தில் "அது அவர்கள் வேலை" என்று உங்களால் எங்களுக்குச் சொல்ல முடியாது. அதனால்தான் தமிழிலேயே எழுதுகிறேன். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் ஏஜக்ஸிலும் இருக்கும் எங்கள் சனமும் இதை வாசிக்க வேண்டும்.

நான் கணக்குப் படிப்பிக்கிறவன். கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

2022 செப்ரெம்பரில் எனது அறிமுக வகுப்பில் 41 பேர் இருந்தார்கள். இங்கே வளர்ந்த பிள்ளைகள் 9 பேர். மற்ற 32 பேரும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். பெரும்பாலும் பஞ்சாப், குஜராத், கேரளம், அப்புறம் தமிழ்நாட்டிலிருந்து ஐந்து பேர். உள்ளூர்ப் பிள்ளை ஆண்டுக்குச் சுமார் 2,800 டொலர் கட்டினார். வெளிநாட்டுப் பிள்ளை அதே நாற்காலியில் இருந்து, அதே பாடத்தை, அதே என்னிடம் படிக்க 16,800 டொலர் கட்டினார். பெருக்கிப் பாருங்கள். அந்த 9 பேரிடமிருந்து ஆண்டுக்கு வந்தது 25,200. அந்த 32 பேரிடமிருந்து வந்தது 537,600. என் சம்பளம், விளக்கு, வெப்பம், நூலகம், உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு உதவ வைத்திருந்த ஆலோசகர், எல்லாம் எந்தக் காசில் நடந்தன என்று இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

இது என் வகுப்பில் மட்டும் நடந்த கதை என்று நினைக்க வேண்டாம். ஒன்ராறியோவின் கணக்காய்வாளர் நாயகம் 2021இல் அரசுக் கல்லூரிகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையை எடுத்துப் பாருங்கள். 2020-21 கல்வியாண்டில் மாணவர்களில் 30 வீதம் வெளிநாட்டவர். கட்டண வருமானத்தில் 68 வீதம் அவர்களுடையது. 2021இலேயே எச்சரித்துவிட்டார்கள், கல்லூரிகள் ஒரே தூணில் நிற்கின்றன என்று.

அந்த நிலைக்குக் கல்லூரிகளைக் கொண்டுவந்து விட்டது யார்? 2019இல் மாகாண அரசு உள்ளூர் மாணவர் கட்டணத்தை 10 வீதம் குறைத்தது. அதன்பிறகு அப்படியே உறைய வைத்தது. பெற்றோராக எனக்கும் அது நல்லதாகவே பட்டது. என் மகளும் அப்போதுதான் படிக்கத் தொடங்கியிருந்தாள். ஆனால் குறைத்த காசை அரசு ஈடு செய்யவில்லை. மாகாணமே அமைத்த நிபுணர் குழு 2023 நவம்பரில் சொன்னது, ஒன்ராறியோக் கல்லூரிகளுக்கு ஒரு மாணவருக்கென்று அரசு தரும் பணம் மற்ற மாகாணங்களின் சராசரியில் பாதிகூட இல்லை என்று. வெளிநாட்டு மாணவர் கட்டணத்துக்கு மட்டும் உச்சவரம்பு எதுவும் இல்லை. காசு வரக்கூடிய ஒரே கதவு அதுதான் என்றால் கல்லூரி அந்தக் கதவால்தான் போகும். போனது. என் மகளின் கட்டணம் ஏறாமல் இருந்ததற்கு லூதியானாவிலும் ராஜ்கோட்டிலும் யாரோ ஒரு தகப்பன் காணி அடகு வைத்திருக்கிறார். இதை நான் மிகப் பிந்தித்தான் விளங்கிக்கொண்டேன். விளங்கியதிலிருந்து மனம் ஆறவில்லை.

எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்த தம்பி ஒருவர் 2023 செப்ரெம்பர் முதல் 2025 ஏப்ரல் வரை இருந்தார். வேறு ஒரு கல்லூரியில் படித்தார். படிப்பு முடிந்த பிறகு ஒரு நாள் இருவரும் மேசையில் இருந்து, அவருடைய இருபது மாதச் செலவை ஒரு தாளில் எழுதினோம். நான்கு தவணைக் கட்டணம் 33,600. எனக்குத் தந்த வாடகை மாதம் 650, மொத்தம் 13,000. மாணவர் பஸ் பாஸ் மாதம் 128 டொலர் 15 சதம், மொத்தம் 2,563. சாப்பாடு மாதம் 250க்குள் அடக்கினார், 5,000. தொலைபேசி 800. மாணவர் அனுமதிக்கு 150, கைரேகைக்கு 85. குளிர் உடுப்பும் சப்பாத்தும் 600. கூட்டினால் 55,798 டொலர். முதல் மூன்று மாதம் வேலை கிடைக்கவில்லை. பிறகு ஒரு கோப்பிக் கடையில் விடியற்புற வேலை. அதில் கையில் கிடைத்தது 21,000 அளவில். அந்தச் சம்பளத்திலும் வேலையில்லாக் காப்புறுதிக்கும் கனடா ஓய்வூதியத்துக்கும் பிடித்தார்கள். இங்கே உழைத்து இங்கேயே செலவழித்ததைக் கழித்துவிட்டாலும் ஏறக்குறைய 35,000 டொலர் ஊரிலிருந்து வந்த காசு. இருபது இலட்சம் ரூபாய்க்கு மேல். ஒரு வாழைத்தோட்டக் குடும்பம் ஒன்ராறியோவுக்குள் கொண்டுவந்து போட்ட வெளிநாட்டுப் பணம் அது.

பொருளியலில் இதற்குச் சேவை ஏற்றுமதி என்று பெயர். மரம் வெட்டி அமெரிக்காவுக்கு அனுப்பினால் வெளிக்காசு உள்ளே வரும். கல்வியில் சரக்கு எங்கேயும் போவதில்லை. வாங்குகிறவர் விமானம் ஏறி வந்து, இங்கேயே இருந்து, கட்டணத்தோடு வாடகையும் பஸ் காசும் மரக்கறிக் காசும் சேர்த்துக் கட்டுகிறார். கனடிய வெளிவிவகார அமைச்சு வெளியிட்ட கணக்கின்படி 2022இல் வெளிநாட்டு மாணவர்கள் இந்த நாட்டில் செலவழித்தது 37.3 பில்லியன் டொலர். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் அது சேர்த்தது 30.9 பில்லியன். அந்தச் செலவு தாங்கி நின்ற வேலைகள் 361,000க்கு மேல். 2019இல் கூட்டாட்சி அரசு வெளியிட்ட சர்வதேசக் கல்வி வியூகமே இந்த வருமானத்தை வாகன உதிரிப்பாகம், மரம், விமான ஏற்றுமதிகளோடு ஒப்பிட்டு, அவற்றைவிட இது பெரியது என்று பெருமையாகச் சொன்னது. 2022க்குள் 450,000 மாணவர்களைக் கொண்டுவருவது என்று 2014இல் இலக்கு வைத்ததும் அரசுதான். அந்த இலக்கை எட்டியபோது எந்தத் தலைவரும் இது வீட்டுப் பஞ்சத்தைக் கொண்டுவரும் என்று சொல்லவில்லை.

இப்போது அமெரிக்கா தீர்வை போடுகிறது. அடுத்த பத்து ஆண்டுகளில் அமெரிக்கா தவிர்ந்த நாடுகளுக்கான ஏற்றுமதியை இரட்டிப்பாக்குவோம் என்று பிரதமர் 2025 ஒக்ரோபரில் அறிவித்தார். நல்ல குறிக்கோள். இரண்டு கிழமை கழித்து, வாங்குவோர் பெரும்பாலும் ஆசியாவில் இருக்கிற ஏற்றுமதி ஒன்றைப் பாதியாக வெட்டுகிறார்கள். ஒட்டாவாவில் இருக்கும் உறுப்பினர்களே, இந்த இரண்டு அறிவிப்பும் எப்படிப் பொருந்துகின்றன என்று உங்கள் கட்சிக் கூட்டத்தில் யாராவது கேட்டீர்களா?

வாடகையைப் பற்றிச் சொல்லாமல் போனால் நான் நேர்மையாக எழுதியதாகாது. வாடகை இறங்கியிருக்கிறது. எங்கள் கீழ்த்தளத்துக்கு முன்பு கேட்ட காசை இன்று யாரும் தரமாட்டார்கள். அது எனக்கு நட்டம், இளம் குடும்பங்களுக்கு நன்மை. அந்த நன்மையை நான் மறுக்கவில்லை. ஒரு கீழ்த்தளத்தில் எட்டுப் பேர், பத்துப் பேர் என்று மெத்தை போட்டு அடைத்து வைத்துக் காசு பார்த்தவர்கள் நம்மவர்களிலும் இருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தரகுப்பணம் வாங்கிக்கொண்டு, வேலை தேடி வந்து இறங்கும்வரை இனிப்பாகப் பேசிய ஏஜென்ட்மாரும் இருந்தார்கள். 2020-21இல் மட்டும் ஒன்ராறியோ அரசுக் கல்லூரிகள் 100 மில்லியன் டொலருக்கு மேல் தரகாகக் கொடுத்ததை அதே கணக்காய்வு அறிக்கை சொல்கிறது. அரசுக் கல்லூரியின் சான்றிதழைத் தனியார் கட்டடத்தில் வைத்து விற்றதும் நடந்தது. திருத்தம் வேண்டியிருந்தது. கட்டுப்பாடும் வேண்டியிருந்தது. 2024 ஜனவரியில் முதல் உச்சவரம்பு வந்தபோது, சரி, இதைச் சீராக்கப் போகிறார்கள் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆனால் என்ன சீரானது? அந்த 537,600 டொலரில் ஒரு பங்கை எடுத்து ஒரு விடுதி கட்டச் சொல்லி எந்த அரசும் எந்தக் கல்லூரியையும் கட்டாயப்படுத்தவில்லை. ஒன்ராறியோவில் 1994 முதல் இந்தப் பிள்ளைகளுக்கு ஓஹிப் என்ற மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதி இல்லை. அதற்கும் தனியாகக் கட்டுகிறார்கள். கையில் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவுப் பணத்தை 2024 ஜனவரியில் 10,000இலிருந்து 20,635 டொலராக ஏற்றினார்கள். வேலை செய்யும் நேரம் ஒரு காலம் வரம்பில்லை, பிறகு கிழமைக்கு 20 மணி, பிறகு 24 மணி. படிப்பு முடித்தபின் கிடைக்கும் வேலை அனுமதியின் விதிகளும் 2024 நவம்பரில் மாறின. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் எந்த விதியை நம்பி எந்தப் படிப்பை எடுப்பது என்று என்னிடம் வந்து கேட்டார்கள். கணக்கு வாத்தியாரிடம் கேட்கிற கேள்வியா அது? ஆனாலும் கேட்க வேறு யாரும் இருக்கவில்லை.

வெட்டு, வரம்போடும் நிற்கவில்லை. 2025இன் முதல் எட்டு மாதங்களில் வந்து இறங்கிய புதிய மாணவர்கள் முந்தைய ஆண்டின் அதே காலத்தைவிடச் சுமார் 60 வீதம் குறைவு. குடிவரவுத் திணைக்களம் இதைச் சாதனையாகவே வெளியிட்டது. 2025 ஓகஸ்டில் இந்தியாவிலிருந்து போன விண்ணப்பங்களில் நான்கில் மூன்று மறுக்கப்பட்டிருக்கிறது. 2023 ஓகஸ்டில் அது மூன்றில் ஒன்றளவு. இதன்பிறகு நல்ல பிள்ளைகளே விண்ணப்பிக்க யோசிக்கிறார்கள். எங்கள் தம்பியின் ஊரில் அவருக்குக் கீழே படித்த இரண்டு பேர் ஜேர்மனிக்குப் போய்விட்டார்களாம்.

இங்கே விழுந்த அடி யாருக்கு என்று பாருங்கள். ஒன்ராறியோவில் 24 அரசுக் கல்லூரிகள். அவற்றில் 10,000 பேரளவில் வேலை போயிருக்கிறது அல்லது போகப்போகிறது. 600க்கும் மேற்பட்ட கற்கைநெறிகள் நிறுத்தப்பட்டிருக்கின்றன. இந்தத் தொகை 2025 யூலையிலேயே வெளியில் வந்துவிட்டது. நம் வீட்டு வாசலில் இருக்கும் சென்டெனியல் கல்லூரி 49 கற்கைநெறிகளில் புதிய சேர்க்கையை நிறுத்துவதாக அறிவித்தது. செனெக்கா தன் மார்க்கம் வளாகத்தைத் தற்காலிகமாக மூடியது. 2025 செப்ரெம்பரில் தொடங்கி ஐந்து கிழமை கல்லூரி ஊழியர்கள் குளிரும் மழையும் பாராமல் வீதியில் நின்றார்கள், மிச்சமிருக்கும் வேலையாவது நிலைக்க வேண்டும் என்று.

மல்வேர்ன் பகுதியில் வளர்ந்த ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெற்றோர் கிளிநொச்சியிலிருந்து வந்தவர்கள். பகலில் முதியோர் இல்லத்தில் வேலை, மாலையில் என் வகுப்பு. தாய்க்குக் கிழமைக்கு மூன்று நாள் டயாலிசிஸ். இரண்டு தவணை முடித்துவிட்டாள், கெட்டிக்காரி. மூன்றாவது தவணையில் அந்த மாலை நேரப் பிரிவை நிறுத்திவிட்டார்கள், ஏனென்றால் வெளிநாட்டுப் பிள்ளைகள் இல்லாமல் மிஞ்சியது ஏழு பேர். ஏழு பேருக்கு ஒரு வகுப்பு நடத்தக் கல்லூரியிடம் காசு இல்லை. வேறு வளாகத்துக்குப் போகச் சொன்னார்கள். இரண்டு பஸ்ஸும் ஒரு ரயிலும். "சேர், அம்மாவை விட்டுட்டு அவ்வளவு தூரம் எப்படிப் போறது?" என்று கேட்டாள். படிப்பை விட்டுவிட்டாள். அவள் இந்த நாட்டுப் பிரஜை. உங்கள் வாக்காளர். வெளியாட்களைக் குறைத்து நம் பிள்ளைகளுக்கு இடம் கொடுக்கிறோம் என்று சொன்னார்களே, அவளுக்கு இருந்த இடம்தான் போனது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், அது நம் சனத்துக்கு. கோவிலில், கலியாண வீட்டில், கடையில் நான் காதால் கேட்டது: "இந்த ஸ்ருடன்ற்ஸ் வந்துதான் எல்லாம் கெட்டது." 1986இல் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் படகுகளில் 155 தமிழர் மீட்கப்பட்டபோதும், 2010இல் சன் சீ கப்பல் 492 பேரோடு வந்தபோதும் இந்த நாட்டின் வானொலியில் நம்மைப் பற்றி என்ன பேசினார்கள் என்பதை நம் சனம் மறந்திருக்காது. 1994இல் நான் வந்தபோது என்னிடம் ஒரு சதமும் இல்லை. இந்த நாடு எனக்குக் கொடுத்துத்தான் தொடங்கியது. இந்தப் பிள்ளைகள் கொடுத்துவிட்டு வந்தவர்கள். அவர்களைப் பற்றி அந்தப் பேச்சு நம் வாயிலிருந்து வருவது எனக்குப் பொறுக்கவில்லை. மேடைகளில் நீங்கள் இதைத் தமிழில் எங்கள் சனத்துக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம். ஒருவரும் சொல்லி நான் கேட்கவில்லை.

இனி நான் கேட்பவை.

குயின்ஸ் பார்க்கில் இருக்கும் உறுப்பினர்களே, ஒன்ராறியோக் கல்லூரிகளில் ஒரு உள்ளூர் மாணவருக்கு அரசு தரும் பணத்தை மற்ற மாகாணங்களின் சராசரிக்கு உயர்த்த வேண்டும். ஒரே ஆண்டில் முடியாது என்று தெரியும். எத்தனை ஆண்டில், ஆண்டுக்கு எவ்வளவு என்ற அட்டவணை வேண்டும். 2024இல் மூன்று ஆண்டுகளுக்கென்று அறிவித்த 1.3 பில்லியன் டொலர் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் சேர்த்துத்தான். அது இந்த ஓட்டையை அடைக்கவில்லை என்பதற்கு மேலே சொன்ன 10,000 பேரே சாட்சி. அடுத்தது, வெளிநாட்டு மாணவரிடம் வாங்கும் கட்டணத்தில் ஒரு குறிப்பிட்ட பங்கு விடுதிக்கும் மருத்துவக் காப்புறுதிக்கும் போக வேண்டும் என்று சட்டத்தில் எழுதுங்கள். எவ்வளவு வாங்கினோம், ஏஜென்டுக்கு எவ்வளவு கொடுத்தோம், விடுதிக்கு எவ்வளவு போட்டோம் என்று ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் கணக்கு வெளியிட வேண்டும். இரண்டு பக்கக் கணக்கு. யாரும் முடியாது என்று சொல்ல இயலாது.

ஒட்டாவாவில் இருக்கும் உறுப்பினர்களே, 155,000 என்ற எண்ணைத் திரும்பப் பார்க்கக் கேளுங்கள். அரசுப் பல்கலைக்கழகங்களில் முதுகலை, முனைவர் படிப்புக்கு வருபவர்களுக்கு 2026 ஜனவரியிலிருந்து மாகாணச் சான்றுக் கடிதம் (உச்சவரம்புக்குள் இடம் உண்டு என்று மாகாணம் தரும் கடிதம்) தேவையில்லை என்று தளர்த்தியிருக்கிறீர்கள். நல்லது. முதியோர் பராமரிப்பும் மின்வேலையும் கட்டட வேலையும் படிப்பிக்கும் அரசுக் கல்லூரிகளுக்கு ஏன் அப்படி ஒரு வழி இல்லை? விடுதி இடம் எவ்வளவு காட்டுகிறார்களோ அவ்வளவு மாணவர் என்று ஒதுக்குங்கள். வீட்டுப் பிரச்சினைக்கும் அதுவே பதில். ஒரு பிள்ளை எந்த விதியின் கீழ் காசு கட்டிச் சேர்ந்ததோ, படிப்பும் அதன்பின் வரும் வேலை அனுமதியும் அதே விதியின் கீழ் முடிய வேண்டும். இடையில் மாற்றக்கூடாது. இதை அமைச்சரின் அறிவித்தலாக விட்டுவிடாமல் ஒழுங்குவிதியில் எழுத வேண்டும். இந்த வெட்டினால் ஒன்ராறியோவில் எத்தனை உள்ளூர் மாணவர்களின் கற்கைநெறி நின்றது என்பதையும் அரசு எண்ணி வெளியிட வேண்டும்.

கடைசியாக, உங்கள் எல்லோரிடமும் சேர்த்துக் கேட்கிறேன். தை மாத மேடைகளுக்கு முன்பு, ஸ்காபரோவில் ஒரு மாலை நேரம், இரண்டு அரசையும் சேர்ந்த நீங்கள் ஒன்றாக வந்து இருங்கள். பாடசாலை மண்டபம் போதும். வேலை இழந்த ஆசிரியர்களும், வகுப்பு இழந்த உள்ளூர்ப் பிள்ளைகளும், கீழ்த்தளங்களில் இருக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகளும் வருவார்கள். அந்த 55,798 டொலர் எழுதிய தாளை நான் கொண்டுவருவேன். திகதியை டிசம்பர் 15க்குள் எழுத்தில் அறிவியுங்கள்.

இப்படிக்கு,
பதினாறு ஆண்டு கணக்கியல் படிப்பித்த ஓர் ஒப்பந்த ஆசிரியர்
ஸ்காபரோ, ஒன்ராறியோ